இரண்டு பேர் உட்கார்ந்தால் உரசும்

கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். இன்னும் புது டயர் வாசனை போகவில்லை. முகர்ந்து பார்த்துக்கொண்டேதான் உனக்கு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ இருந்திருந்தால் என் கையைப் பிடித்து இழுத்து நீயும் ஒரு முறை முகர்ந்திருப்பாய். பூக்கடையைச் சாதாரணமாகத் தாண்டிப் போவாய். டயர்க் கடை வந்தால் மட்டும் நின்று மூச்சை இழுப்பாய். உன்னைப் போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் வண்டிக்கு நேற்று டயர் மாற்றிவிட்டேன். நீ தேர்ந்தெடுத்த அளவு இல்லை. அன்றைக்கு நான் சொல்லி, நீ சிரித்தே ஒதுக்கிய அளவு. திட்டுவதாக இருந்தால் இப்போதே திட்டிக்கொள். ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்வதற்கு உனக்குத் தெரிந்த கதையையே திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பரவாயில்லை, சொன்னதையே சொல்லும் கிழவி என்று நீதானே எனக்குப் பட்டம் கொடுத்தாய்.

நெமிலிச்சேரியில் உங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில் அந்த வண்டியை நீ எனக்குக் காட்டிய நாளில், அதன் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. இரண்டே பேர் உட்காரும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். தரையோடு தரையாக உயரம், ஃபைபர் உடம்பு, மடக்கி வைக்கும் துணிக் கூரை. உன் அண்ணன் இளவயதில் ஆசைப்பட்டு வாங்கி, பிள்ளைகள் பிறந்ததும் மறந்துபோன வண்டி. "எட்த்துக்கினு போ, கொட்டாய்ல எடமாவது மிஞ்சும்" என்று உன் தலையில் கட்டிவிட்டார். நான் உடனே கதவைத் திறக்கப் போனேன். நீ தடுத்துவிட்டாய். "இர்றீ. கோழி மொதல்ல பொரிக்கட்டும், அப்பால நம்ம வேலய பாக்கலாம்." மூன்று வாரம் காத்திருந்தோம். பதினொரு குஞ்சுகள்.

நாம் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அப்புறம் நடந்ததன் அழகு புரியாது. பாடியில் ஒரு தொழிற்சாலையின் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் பக்கத்துப் பக்கத்து மேசை. வருகிற ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூடிப்போனாலும் திருப்பி அனுப்புவது நம் வேலை. மெஷின் ஷாப்பில் ஆண்கள் நம்மைக் கண்டால் டீ கிளாஸை மறைப்பார்கள், அதையும் அளந்துவிடுவோமோ என்று.

வண்டியின் இரும்புச் சக்கரங்கள் துருப்பிடித்து உதிர்ந்துகொண்டிருந்தன. புதிது வாங்கப் பூந்தமல்லி டயர்க் கடைக்குப் போனோம். சுவரில் தொங்கிய அலாய் வீலைப் பார்த்ததும் நீ நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாய். பதினைந்து அங்குலம், வெண்கல நிறம். "வூட்டுக்காரருக்கா மேடம்?" என்று கேட்டார் கடைக்காரர். நீ கைப்பையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்து, போல்ட் ஓட்டைகளின் இடைவெளியை அளக்க ஆரம்பித்தாய். நம் வண்டியில் இருப்பது போலவே நூறு மில்லிமீட்டர். கடைக்காரர் அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

பழைய சக்கரம் பதின்மூன்று அங்குலம். அதில் இருந்த டயர் 165/65. எனக்கு அந்த எண்கள் ஏதோ வீட்டு நம்பர் மாதிரித்தான் தெரிந்தன. நீதான் கடை வாசலில் குந்தி விளக்கினாய். "மொதல் நம்பர் அகலம். ரெண்டாவது, அந்த அகலத்துல நூத்துக்கு எத்தினி பங்கு ரப்பர் ஒசரம்னு. சக்கரம் பெருசானா ரப்பர் கொறயணும்டி. மொத்த ஒசரம் மாறக்கூடாது." கடைக்காரர் கையிருப்பில் இருந்த 195/50-ஐ எடுத்து உருட்டினார். எல்லோரும் இதைத்தான் போடுகிறார்களாம். நீ ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்துக் கணக்குப் போட்டாய். முப்பது மில்லிமீட்டருக்கு மேல் உயரம் கூடுகிறது. "மீட்டர்ல அறுவதுன்னு காட்டும் அண்ணாத்தே, வண்டி அறுவத்தி மூணுல போவும். பொய் சொல்ற மீட்டர் எங்களுக்கு இன்னாத்துக்கு?"

மிஞ்சியவை இரண்டு. 195/45 ஒன்று, 175/50 ஒன்று. இரண்டுக்கும் உயரத்தில் அரை மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இல்லை, பழைய டயருக்கும் கிட்டத்தட்டச் சமம். ஒன்று அகலம், ஒன்று ஒல்லி, அவ்வளவுதான். வண்டி சின்னது, ஒல்லியே போதும் என்றேன் நான். நீ அந்த வெண்கலச் சக்கரத்தைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "இவ்ளோ அழகா கீற சக்கரத்துக்குப் போயி சைக்கிள் டயர் மாட்டுவியா? உனுக்கு மனசு வருதா?" எனக்கு மனசு வந்தது. ஆனால் உன்னோடு வாதாடி நான் எப்போது ஜெயித்திருக்கிறேன்? 195/45 போட்டோம். டயருக்கும் மட்கார்டு விளிம்புக்கும் இடையே நான்கு பக்கமும் அளந்தோம். குறைந்த இடைவெளி பின் இடதில், ஒன்பது மில்லிமீட்டர். சாக்பீஸால் டயரின் மேல் "ஓகே" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாய்.

நசரத்பேட்டை டீக்கடை எதிரே இருந்த வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியதும் பின்னால் ஒரு சத்தம். க்ர்ர்ரக். யாரோ பல்லைக் கடித்த மாதிரி. இறங்கிப் பார்த்தோம், ஒன்றும் தொடவில்லை. நான் வெளியே நின்று கவனிக்க, நீ மட்டும் ஓட்டினாய். சத்தம் இல்லை. நானும் ஏறினேன். க்ர்ர்ரக். நீ இறங்கி நிற்க, நான் மட்டும் ஓட்டினேன். சத்தம் இல்லை. புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு பெண்கள் ஒரே வேகத்தடையில் ஏழெட்டு முறை போய் வந்துகொண்டிருந்தோம். கடைசியில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்தான் பொறுக்க முடியாமல் சொன்னார்: "யம்மா, ரெண்டு பேரும் குந்தினாத்தான் சத்தம் வருது. இதுக்கு இன்னாத்துக்கு இத்தினி ஆராய்ச்சி?"

இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இன்ஸ்பெக்‌ஷன்! நூறில் ஒரு பங்கைப் பிடிக்கிறவர்கள், காலி வண்டியை அளந்து ஓகே போட்டிருக்கிறோம். நீயும் சரி, நானும் சரி, ஒல்லி என்று யாரும் சொன்னதில்லை. அந்த எடைக்கு வண்டி எவ்வளவு இறங்கும் என்பதை மட்டும் அளக்கவில்லை. நீ ரோட்டோரத்தில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாய். "ஷாப்புல எவனுக்கும் தெரியக்கூடாதுடி" என்று என்னிடம் சத்தியம் வாங்கினாய். திங்கட்கிழமை கேன்டீனில் நீயேதான் எல்லோருக்கும் சொன்னாய்.

டயரை மாற்றலாம் என்றேன், மாட்டேன் என்றாய். விளிம்பை அறுக்கலாம் என்றார் மெக்கானிக், அவரைக் கிட்டேயே விடவில்லை. கடைசியில் நீ கண்டுபிடித்த வைத்தியம்தான் 'மேடு'. வேகத்தடை வந்தால் ஓட்டுகிறவர் "மேடு!" என்று கத்த வேண்டும், பக்கத்தில் இருப்பவர் இரண்டு கையையும் சீட்டில் ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொள்ள வேண்டும். அதில் ஒரு பயனும் இல்லை என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். கையை ஊன்றுவதும் அதே வண்டியில்தானே, எடை எங்கே போகும்? ஒருநாள் வாய்விட்டே கேட்டேன். "தெரியும்டி. ஆனா நாம ஒத்தாசையா கீறோம்னு வண்டிக்குத் தெரியணுமில்ல?" என்றாய்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எத்தனை முறை போயிருப்போம். கூரையை மடக்கிவிட்டு வெளிவட்டச் சாலையில் நீ ஓட்டுவாய், என் நரைமுடி எல்லாம் பறக்கும். லாரி டிரைவர்கள் மேலிருந்து எட்டிப் பார்த்து ஹார்ன் அடிப்பார்கள், நீ ராணி மாதிரி கையசைப்பாய். மேடு, எழும்பு, க்ர்ர்ரக், சிரிப்பு. உங்கள் கொட்டகையை இடித்த பிறகு வண்டி என் அடுக்ககத்துக்கு வந்தது. என் வீட்டுக்காரர் இன்றுவரை அதில் உட்காரவில்லை. முட்டி மடங்காது என்கிறார். உண்மையில் அவருக்கு நம் கூச்சல் ஆகாது.

பிறகு உனக்கு உடம்புக்கு வந்தது. மருந்து மாத்திரைப் பேச்சை நீ வெறுப்பாய், அதனால் நானும் விட்டுவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையை மட்டும் சொல்கிறேன். நான் ஓட்டினேன், நீ பக்கத்தில். "மேடு!" என்றேன். கையை ஊன்றி மெல்ல எழும்பினாய். வண்டி ஏறி இறங்கியது. சத்தம் வரவில்லை. அடுத்ததிலும் வரவில்லை. நீ எவ்வளவு இளைத்துவிட்டாய் என்பதை என் கண் சொல்லும் முன் அந்த டயர் சொல்லிவிட்டது. நான் ரோட்டை விட்டுப் பார்வையைத் திருப்பவே இல்லை. நீதான் சிரித்தாய். "பாத்தியா, டயர மாத்தாமயே சரி பண்ட்டேன்." அன்றைக்கு நான் அழாமல் எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று எனக்கே தெரியாது.

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. வண்டியை நான் மட்டும்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு ஆள் என்பதால் உரசவில்லை. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவே இல்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பேன், ஒன்றும் கேட்காது. உன் மகள் இரண்டு முறை கேட்டாள், "பெரிம்மா, என்னையும் ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்களேன்" என்று. அவளும் உன்னைப் போலவே பூசினாற்போல உடம்பு. "ரெண்டு பேர் உட்கார்ந்தா உரசும்மா" என்று இரண்டு முறையும் தட்டிக்கழித்தேன். அது பாதி உண்மை. அந்த சீட்டில் வேறு யாரையும் உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை என்பது மீதி.

போன மாதம் டயரைத் துடைக்கும்போது பக்கவாட்டில் வெடிப்பு தெரிந்தது. விரலால் அழுத்தினால் வாய் பிளந்தது. ஓடியது குறைவுதான், ஆனாலும் ரப்பருக்கு வயதாகிவிட்டது. அதே பூந்தமல்லி கடை, அதே மனிதர், தலையில் மட்டும் முடி இல்லை. "195/45 கீது மேடம், அதயே மாட்டிக்கங்க. இப்போ நீங்க ஒரு ஆள்தானே போறீங்க?" என்றார்.

அவர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. அதே டயரை மாட்டினால் வண்டி நீ விரும்பியபடியே அழகாக இருக்கும். உன் சீட்டும் காலியாகவே இருக்கும், உரசும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொள்ளலாம். அந்தப் புது ரப்பர் வாசனைக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். உன் ஆசையைக் காப்பாற்றுகிறேனா, என் பிடிவாதத்தைக் காப்பாற்றுகிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நீ அந்தக் கோழியையே இறக்கிவிடாதவள். உன் மகளை நான் ஏற்றிக்கொள்ளவில்லை.

"இல்லை. ரெண்டு பேர் போவோம்" என்றேன். "175/50 வரவழைச்சுக் கொடுங்க."

யாருமே கேட்காத அளவாம், வருவதற்கு மூன்று வாரம் ஆயிற்று. நேற்று மாட்டினோம். இந்த முறை கடைக்காரரையும் அவருடைய பருத்த மச்சானையும் உள்ளே உட்கார வைத்துத்தான் அளந்தேன். அந்த மச்சான் காலை மடக்க முடியாமல் படாதபாடு பட்டார். பின் இடதில் தாராளமாக இடம் இருந்தது. சாக்பீஸ் வாங்கி "ஓகே" எழுதினேன். சக்கரம் கொஞ்சம் ஒல்லியாகத்தான் தெரிகிறது, ஒத்துக்கொள்கிறேன். பழைய பின் இடது டயரை மட்டும் கடையில் விட மனசில்லை. உரசி உரசி ஒரு வளையம் விழுந்திருக்கிறது அதில். உன் சீட்டில் வைத்து, பெல்ட்டும் போட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

இன்று காலை நெமிலிச்சேரிக்குப் போய் உன் மகளைக் கூப்பிட்டேன். சீட்டில் உட்காரும் முன் அதை ஒரு முறை தடவினாள். ஸ்டேஷன் பக்கம் தாண்டி முதல் வேகத்தடை. என்னைக் கேட்காமலே என் வாய் கத்திவிட்டது: "மேடு!" கத்திய பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்? திரும்பிப் பார்த்தால், இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, உன் மகள் உடம்பைத் தூக்கிக்கொண்டிருக்கிறாள். வண்டி சத்தமில்லாமல் ஏறி இறங்கியது.

ஓரமாக நிறுத்தினேன். "உனக்கு யாரு சொன்னா?" என்றேன்.

"அம்மா ஆட்டோல போனாகூட மேடு வந்தா எழும்புவாங்க பெரிம்மா. என்னையும் கிள்ளி எழுப்பிவிடுவாங்க. கடைசியா ஆஸ்பத்திரிக்குப் போனோமே, அந்தக் கார்லயும் எழும்பணும்னாங்க. நான்தான் கையைக் குடுத்துத் தூக்கினேன். டிரைவர் என்னாச்சுன்னு பயந்துட்டாரு."

அழுதேன். அவளும் அழுதாள். அந்த டிரைவரின் முகத்தை நினைத்து அப்புறம் இரண்டு பேரும் சிரித்துத் தீர்த்தோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள், "பெரிம்மா, இந்த டயர்தான் உரசாதே. இனிமே எழும்ப வேணாமில்ல?"

"வேணாம்தான்" என்றேன்.

நசரத்பேட்டை வரை இன்னும் ஒன்பது மேடு இருந்தது. ஒன்பதுக்கும் எழும்பினோம்.