கேமராக்களை அனுப்பு

மேரோ ஃபெரி, மிசிசிப்பி
9 மார்ச் 1999

அன்பு ஷெல்பி,

நலம்தானே? உன்னை டி.வி.யில் பார்த்தோம். வெள்ளைக்காரி உன் தலை நிறைய கறுப்பர்கள் எங்கள் பின்னல், வாய் நிறைய எங்கள் பேச்சு. சின்ன வயதில் சர்ச் சபைப் பாடகர் குழுவில் என் பக்கத்தில் நின்று நீ பிடித்துக்கொண்ட பாட்டின் இழுப்பும் அப்படியே இருக்கிறது. "பின்னலைப் போட்டுக்கிட்டா சரி, நம்ம தலைவலியையும் சேத்து வாங்கிக்குவாளா?" என்று குழுவில் ஒரே சிரிப்பு. இதே பின்னலுக்காக என் மகளைப் பள்ளியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எழுதுவது அதற்காக அல்ல. எங்களுக்கு டிரம்ஸ் வாசித்த ரஷானைப் போலீஸ்காரர் ஒருவர் சுட்டுக் கொன்றுவிட்டார். துப்பாக்கி என்று நினைத்தாராம்; பையன் கையில் இருந்தது பாட்டுக் கேட்கும் வாக்மேன். பத்திரிகையில் நாலு வரி வந்ததோடு சரி. ஏப்ரல் ஆறாம் தேதி அவன் அம்மா இமோஜீன் நகரமன்ற விசாரணையில் பேசுகிறாள். நீ வந்தால் கேமராவும் வரும். வந்து அவள் பக்கத்தில் உட்கார்.

உன் வெர்லீன்

லாஸ் ஏஞ்சலஸ்
20 மார்ச் 1999

என் வெர்லீன்,

படித்ததும் உடைந்துபோனேன். "ஆல்பம் வர்ற நேரத்துல இதெல்லாம் எதுக்கு?" என்றார் மேனேஜர். நான் போகத்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பின்னலைப் பற்றி எழுதியது சுட்டது. ஆசையால் போட்டதுதானே? ஆசைப்படுவதும் தப்பா?

இன்னொன்று. ஜூன் மாத விருது விழாவில் நம் குழு என் பின்னால் நின்று பாட வேண்டும். நாடே பார்க்கும். மாட்டேன் என்று சொல்லிவிடாதே.

என்றும் உன் ஷெல்பி

மேரோ ஃபெரி
11 ஏப்ரல் 1999

அன்பு ஷெல்பி,

சொன்னபடி வந்தாய். இமோஜீன் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாய். அவள் பேசப் பேச நீ அழுதாய். அது மெய்யான அழுகை, எனக்குத் தெரியும். ஆனால் நீ விம்மியதும் அத்தனை கேமராவும் உன் பக்கம் திரும்பிவிட்டது.

நீ விமானம் ஏறிய பிறகு சபைக்கூடத்தில் எல்லோரும் டி.வி. முன்னால் உட்கார்ந்தோம். உன் கண்ணீர் வந்தது, உன் ஆல்பத்தின் பெயர் வந்தது. இமோஜீன் வாய் திறக்கும் முன்பே செய்தி முடிந்துவிட்டது. அவள் திட்டவில்லை. "நல்ல பொண்ணுதான். ஆனா எம்புள்ள பேர ஒருத்தரும் சொல்லலியே, வெர்லீன்" என்றாள்.

ஆசைப்படுவது தப்பா என்று கேட்டிருந்தாய். தப்பில்லை. ஆனால் எங்களிடமிருந்து எதை எடுத்து நீ அணிந்தாலும் பார்க்கிறவர்கள் உன்னைத்தான் பார்க்கிறார்கள். விழாவுக்கு நாங்கள் வரவில்லை. உன் பின்னால் நிற்க ஒருவருக்கும் மனமில்லை. எனக்கும்தான்.

மே நாலாம் தேதி மறுபடி விசாரணை. உன்னைத் தேடி வரும் பத்திரிகைக்காரர்களிடம் ரஷான் டில்மன் என்ற பெயரைச் சொல்லி, எல்லோரையும் இங்கே அனுப்பு. நீ வராதே.

அது முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் சொல்லாமல் வா. பாட வேண்டாம். ஆராதனை முடிந்ததும் இமோஜீன்தான் எல்லோருக்கும் மீன் வறுக்கிறாள். ஒத்தாசைக்கு ஆள் இல்லை.

வெர்லீன்