பிரஷர் எனக்கு இல்லை, படிகத்துக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

நானும் என் பசியும் இங்கே நலம். உன் முழங்கால் வலியும் அப்பாவின் இருமலும் எப்படி இருக்கின்றன?

போனில் நான் "இன்னைக்கு பிரஷரை ஏத்தினோம்மா" என்றதும், "இந்த வயசுலயேவா? உப்பைக் குறைடி!" என்று பதறினாயே. பிரஷர் எனக்கில்லை, ஆய்வுக்கூடத்தில் இருக்கும் எள்ளளவு படிகத்துக்கு.

கடுங்குளிரில் அதற்குள் எலக்ட்ரான்கள் வரிசைகட்டி நின்று, நகரமாட்டேன் என்று அடம்பிடிக்கின்றன. பக்கவாட்டில் மெல்ல அழுத்தினால் வரிசை கலைகிறது. அப்புறம் மின்சாரம் கனவில் நடப்பதுபோல எதிலும் இடிபடாமல் போகிறது. நேற்று திரையில் அதைப் பார்த்துச் சொக்கிப்போனேன். ஆசையில் இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். திரையில் கோடு தாறுமாறாகத் துள்ளியது, படிகம் உடைந்துவிட்டது. பேராசிரியர் திட்டவில்லை, சிரித்தார். நீ கவலைப்படாதே. புதுப் படிகம் வளரும்வரை எனக்கு வேலை குறைவு, அவ்வளவுதான். நான் தங்கும் அறை மட்டும் ரொம்ப அமைதியாக இருக்கிறது.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. இன்னொன்று: நீ எப்போதும் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் கூப்பிடுகிறாய். இனிமேல் குக்கர் அடுப்பில் இருக்கும்போதே கூப்பிடு. பேசக்கூட வேண்டாம், போனைப் பக்கத்தில் வைத்துவிட்டு உன் வேலையைப் பார். விசில் வரும்வரை நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தப் பிரஷர் எனக்குக் கொஞ்சம் தேவைப்படுகிறது.

பஸ் வந்துவிட்டது.

உன் மகள்