அம்மாவின் பென்சில் புள்ளடி

சிவப்புப் பேனையை யார் கையிலும் கொடுக்காத என் அன்பு அப்பாவுக்கு,

நீங்க இல்லாத முதல் நத்தார்ப் பண்டிகை முடிந்து இன்றைக்கு மூன்று நாள். அம்பிட்டிய முழுக்க மழை. இந்த வருஷம் நாங்கள் வாசலில் நட்சத்திரம் கட்டவில்லை, கேக் அடிக்கவில்லை, புது உடுப்பும் எடுக்கவில்லை. ஆனால் டீவி பார்த்தோம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உங்களோடு ஒரு சண்டையும் பாக்கி இருக்கிறது, அதையும் இதிலேயே போட்டுத் தீர்த்துவிடுகிறேன்.

முதலில் அம்மாவைப் பற்றி. நீங்க ஒரு நேரம் பார்த்துப் போனீங்களே அப்பா, பெரஹெரா ஊர்வல நேரம்! ரோடெல்லாம் மூடிக் கிடந்தது. தெல்தோட்டையிலிருந்து அம்மா வீட்டு ஆட்கள் சுத்திச் சுத்தி வந்து சேர்ந்தபோது பெட்டியை மூடப் போகிற நேரம். அன்றைக்கு ஹோலில் உங்க பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, எழும்பிக் குசினிக்குப் போனதோடு சரி. பிறகு ஹோலில் அவங்க உட்காரவே இல்லை. கூட்டுவாங்க, துடைப்பாங்க, உங்க படத்துக்குப் பூ வைப்பாங்க, திரும்பிப் போய்விடுவாங்க. சாப்பாடும் குசினியில், செபமாலையும் குசினியில். கூப்பிட்டால், "எனக்கு இங்கதான் கதகதன்னு இருக்கு" என்பாங்க. நாலு மாசமாக இதே கதைதான்.

டிசம்பர் பிறந்ததுமே நான் தீர்மானம் பண்ணிவிட்டேன். நத்தார் அன்றைக்கு அம்மா ஹோலில், எங்களோடு, கதிரையில் உட்கார்ந்து டீவி பார்க்க வேண்டும். யார் என்ன சொன்னாலும் சரி. என் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாதா?

தம்பி பிரான்சிஸ் இருபதாம் திகதி கட்டாரிலிருந்து வந்தான். கட்டுநாயக்க ஏர்போர்ட்டில் இறங்கினதும் டியூட்டி ஃப்ரீக்குள் புகுந்து, ஒரு ராட்சத டீவியை வாங்கி வேனில் ஏற்றிக்கொண்டு வந்து நிற்கிறான். நம்ம ஹோல் சுவருக்கு அது பெரிசு, யன்னலில் பாதியை மறைக்கிறது. உங்க பழைய டீவியை யாருக்கும் கொடுக்கவில்லை, பயப்படாதீங்க, உங்க கட்டிலுக்குக் கீழே பத்திரமாக இருக்கிறது.

"இதுல இன்டர்நெட் இருக்குக்கா. எத வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் பாக்கலாம். அப்பாவோட டைம்டேபிள் எல்லாம் இனி தேவையில்ல" என்றான்.

உங்க டைம்டேபிள்! நத்தாருக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், பேப்பரில் வந்த லீவு நாள் நிகழ்ச்சிகளை மேசையில் விரித்து வைப்பீங்க. பெரிய டிமைத் தாளில் அடிமட்டம் வைத்துக் கட்டம் போடுவீங்க. நாளுக்கு ஒரு வரி, மணிக்கு ஒரு கட்டம். ஒரே டீவி, நாலு பேர், அவரவருக்கு வேண்டிய நேரத்தில் அவரவர் நிறத்தில் குறுக்கே இரண்டு கோடு, ஒரு புள்ளடி. உங்களுக்குச் சிவப்பு, எனக்கு நீலம், தம்பிக்குப் பச்சை. அம்மாவுக்குப் பென்சில். பிறகு தாள் அலுமாரிக் கதவில் ஏறும். ஏறின பிறகு சனலை மாற்றுவது குற்றம். கரண்ட் போனால் அந்த ஆளுடைய தலையெழுத்து. கந்தோரில் முப்பது வருஷம் ஃபைலும் பேனையுமாக லிகிதர் வேலை பார்த்த மனுஷன் வீட்டை வேறு எப்படி நடத்துவார்?

இருபத்திரண்டாம் திகதி பின்னேரம் புது டீவியின் முன்னால் உட்கார்ந்தோம். நான் குசினிக்குப் போய்க் கெஞ்சி, அம்மாவை ஹோல் நிலைப்படி வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். தம்பி ரிமோட்டை அமுக்குகிறான், அமுக்குகிறான். இது வேணாம். இது பார்த்தாச்சு. இது நல்லா இருக்குமா தெரியல. படங்களாக ஓடிக்கொண்டே இருக்கிறது, ஒன்றும் தொடங்குகிற பாட்டைக் காணோம். அரை மணித்தியாலம் போனது. அவனுக்கு ஒரு கோல் வந்தது, அப்படியே போனில் மூழ்கிவிட்டான். நானும் வெட்கமில்லாமல் என் போனை எடுத்தேன்.

"படம் எப்பப்பா தொடங்கும்?" என்று அம்மா நிலைப்படியில் நின்றபடியே கேட்டாங்க. எங்க இரண்டு பேர் கண்ணும் போனில். நான் நிமிர்ந்து பார்த்தபோது அங்கே யாரும் இல்லை.

எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! ரிமோட்டைப் பிடுங்கி டீவியை அணைத்தேன். "நாளைக்கு நான் கட்டம் போடறேன்" என்றேன்.

"யாரு அக்கா இந்தக் காலத்துல..."

"வாய மூடு. பச்சப் பேனை எங்க இருக்குன்னு தேடி எடுத்து வை."

அடுத்த நாள் காலையில் உங்க அலுமாரியைத் திறந்தேன். எத்தனை கட்டம் போடுவீங்க என்று பார்க்கத்தான், வேறு ஒன்றுக்கும் இல்லை. பழைய டைம்டேபிள் எல்லாவற்றையும் வருஷ வரிசையில் அடுக்கி நூல் கட்டி வைத்திருந்தீங்க. நீங்க வேறு எப்படி வைப்பீங்க! மேலே இருந்த தாளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். இருபத்தைந்தாம் திகதி, பின்னேரம் மூன்று மணிக் கட்டத்தில் உங்க சிவப்புப் புள்ளடி, பக்கத்தில் 'ஆங்கிலப் படம்'. அதற்கு அடியில் அழிறப்பர் தேய்த்த தடம். உற்றுப் பார்த்தால் ஒரு சின்னப் பென்சில் புள்ளடி.

அதற்கு முந்தின வருஷம் பார்த்தேன். அதே நாள், அதே மணி, அதே தடம். அதற்கு முந்தினதும் அப்படித்தான். எல்லாத் தாளையும் உங்க கட்டிலில் விரித்துப் போட்டேன். ஒவ்வொரு வருஷமும் அம்மா கேட்டது ஒரே ஒரு கட்டம். வேறு எங்கேயும் பென்சில் இல்லை. அந்த ஒரு கட்டத்தையும் ஒவ்வொரு வருஷமும் அழித்திருக்கிறீங்க.

இதுதான் அப்பா நம்ம சண்டை. "அந்த நேரம் உங்கம்மாவுக்கு வேலை இருக்கும். அவளுக்கு எதுன்னாலும் சரி" என்று சொல்லிச் சொல்லி எங்களையும் நம்ப வைத்தீங்க. ஏன் அம்மாவுக்கு மட்டும் பென்சில்? வீட்டில் இன்னொரு பேனை இல்லாமலா போனது? எங்களுக்கு மீன் துண்டைப் பெரிதாக வைக்கச் சொல்லுகிற நல்ல மனுஷன் நீங்க. அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் நீங்களே கஞ்சி வைப்பீங்க. அப்படிப்பட்டவருக்கு இது எப்படிக் கண்ணில் படாமல் போனது?

உங்களை மட்டும் சொல்லி நான் தப்பிக்க முடியாது. ஒரு தாளில் அழித்த தடத்துக்கு மேலே சிவப்பு இல்லை, நீலம். அது நான். எனக்குப் பதினாறு வயசு இருக்கும். என்ன பார்த்தேன் என்றுகூட ஞாபகம் இல்லை. ஆனால் அழித்தது என் கைதான்.

அன்றைக்கே கட்டம் போட்டேன். தாளையும் உங்க சிவப்புப் பேனையையும் எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். அம்மா உள்ளி உரித்துக்கொண்டிருந்தாங்க. பேனையைப் பார்த்ததும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாங்க.

"ஐயோ, அது அவரு பேனைடி. பென்சில குடு."

"பென்சில் இல்லம்மா."

"மேச லாச்சியில இருக்கும், பாரு."

"இருந்துச்சு. அடுப்புல போட்டுட்டேன்."

"அடிப்பாவி! நல்ல பென்சில்ல!" என்று அடுப்பைக் குனிந்து வேறு பார்த்தாங்க.

நான் நகரவில்லை. தாளைப் பலகைமேல் விரித்துப் பிடித்துக்கொண்டு, அரிசி கொதித்து வழிந்தபோதும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பேனையை வாங்கினாங்க. வேறு எங்கேயும் தேடவில்லை. நேராகப் போய் இருபத்தைந்தாம் திகதி மூன்று மணியில் ஒரு சின்னப் புள்ளடி.

"அப்படி என்னம்மா இருக்கு மூணு மணிக்கு? என்ன படம்?"

"படம் ஒண்ணும் இல்லடி" என்று தொடங்கி அம்மா சொன்னதை, அவங்க வார்த்தையிலேயே உங்களுக்கு எழுதுகிறேன்.

"இங்கிலீசுப் படம் போட்டு பத்து நிமிசத்துல அவரு தூங்கிருவாரு. நீங்க ரெண்டு பேரும் வெளிய ஓடிருவீங்க. பொறகு முழிச்சி, யாராச்சும் இருக்காங்களான்னு சுத்திப் பாத்துட்டு, கார்ட்டூனுக்கு மாத்துவாரு. வாயப் பொத்திக்கிட்டு சிரிப்பாரு பாரு, தோளு ரெண்டும் குலுங்கும். நான் இந்தக் கதவு வழியா பாத்துக்கிட்டே இருப்பேன். போயி பக்கத்துல ஒக்காந்து நானும் சிரிக்கணும்னு இருக்கும். ஆனா பின்னேரம் ஆளுக வருவாங்களே, கட்லட் பொரிக்கணும், ரொட்டி வெட்டணும். அந்த நேரம் எனக்குன்னு எழுதியிருந்தா, வேலயப் போட்டுட்டுப் போயி ஒக்காரலாம்ல? யாரும் கேட்டாலும் டைம்டேபிள்ல இருக்குன்னு சொல்லலாம்ல?"

அந்தக் குசினித் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன் அப்பா. பிறகு சிரிப்பும் வந்தது. சனலை மாற்றினால் குற்றம் என்று சட்டம் போட்ட பெரிய மனுஷன், திருட்டுத்தனமாகக் கார்ட்டூன் பார்த்தாரா! எங்களிடம் சொல்லியிருந்தால் நாங்களும் பார்த்திருப்போமே. ஒரு தடவையாவது திரும்பிக் குசினிப் பக்கம் பார்த்தீங்களா?

இருபத்திநாலாம் திகதி மத்தியானம் புசல்லாவையிலிருந்து உங்க தங்கச்சி பஸ்ஸில் வந்து இறங்கினாங்க, ஒரு பை நிறைய லீக்ஸும் கரட்டும். அத்தை அலுமாரிக் கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தாங்களோ இல்லையோ, பையைத் தொப்பென்று கீழே வைத்தாங்க.

"என்னடி ரோஸ்லின் இது? எங்கண்ணன் போயி ஒரு வருசம் திரும்பல. செத்த வீட்டுல டீவியப் போட்டு சிரிச்சா ஊரு என்ன பேசும்?"

"அத்த, போன்ல நட்சத்திரம் கட்ட வேணாம்னீங்க, கட்டல. கேக் வேணாம்னீங்க, அடிக்கல. ஒங்க பேச்ச எல்லாத்துலயும் கேட்டேன். இது மட்டும் அம்மாவுக்கு. இத நான் விடமாட்டேன்."

அத்தை என் முகத்தைப் பார்த்தாங்க. "அண்ணன உரிச்சு வச்சிருக்கா" என்று முணுமுணுத்துக்கொண்டு கால் கழுவப் போனாங்க.

நத்தார் அன்றைக்குக் கட்லட் உருட்டினது நானும் தம்பியும். அவன் உருட்டினது ஒவ்வொன்றும் ஒவ்வொரு சைஸ், நீங்க பார்த்திருந்தால் அடிமட்டத்தோடு வந்திருப்பீங்க. சாப்பாடு முடிந்து சட்டிபானை எல்லாம் கழுவியாச்சு. இரண்டரை மணிக்குக் குசினிக் கதவைச் சாத்திப் பூட்டி, சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அம்மா பூட்டையும் பார்த்தாங்க, என்னையும் பார்த்தாங்க.

மூன்று மணிக்கு ஹோல் நிலைப்படியில் வந்து நின்றாங்க. நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் போய்விடுவாங்க என்று பயம். மணிக்கூட்டைப் பார்த்தாங்க, அலுமாரிக் கதவில் இருந்த தாளைப் பார்த்தாங்க. பிறகு மெதுவாக உள்ளே நடந்து வந்து, உங்க கதிரைக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தாங்க.

"எந்தக் கார்ட்டூன்மா?" என்று தம்பி கேட்டான்.

"பேரு யாருக்குத் தெரியும்? ஒரு நாயிடா. எலும்பப் பொதச்சி வச்சிட்டு எடத்த மறந்துரும்."

பாவம், அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு தேடினான். இந்தத் தடவை போனை எடுக்கவில்லை. கடைசியில் ஒரு நாய் கிடைத்தது. அம்மா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாங்க. "இது அந்த நாயி இல்ல. பரவால்ல, இதுவும் மறதி புடிச்ச நாயி மாதிரிதான் இருக்கு" என்றாங்க.

முதல் ஐந்து நிமிஷம் யாரும் சிரிக்கவில்லை. அத்தை செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாங்க. நாய் தோட்டம் முழுக்கக் குழி தோண்டிக் கடைசியில் தானே குழிக்குள் விழுந்தது. அம்மாவுடைய தோள் குலுங்கினது. கையால் வாயைப் பொத்தினாங்க. பிறகு கையையும் மீறிக்கொண்டு வந்தது ஒரு சிரிப்பு. அப்படி அவங்க சிரித்து நான் கேட்டதே இல்லை அப்பா. சிரித்துக்கொண்டே உங்க கதிரைக் கையை ஒரு தட்டுத் தட்டினாங்க.

அத்தை திறந்திருந்த வாசலைப் பார்த்துப் பதறிப்போனாங்க. "அண்ணி, மெதுவா. வெளிய கேக்கும்."

தம்பி என்னைப் பார்த்தான். நான் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினேன்.

அடுத்த நத்தாருக்கும் கட்டம் போடுவேன் அப்பா. தம்பி கட்டாரில் இருந்தால் அவனுடைய பச்சைப் புள்ளடியைப் போனில் கேட்டு நானே போடுவேன். உங்க கதிரை இருந்த இடத்திலேயே இருக்கும். இருபத்தைந்தாம் திகதி மூன்று மணி அம்மாவுக்கு, சிவப்பில். இந்த வீட்டில் இனி யாருக்கும் பென்சில் கிடையாது. இது உங்க மேல் சத்தியம்.

அம்மாவின் புள்ளடியை ஒரு தடவை அழித்த, இனி யாரையும் அழிக்க விடாத,
உங்க நீலப் பேனை,
மூத்த மகள் ரோஸ்லின்