கிணற்றுத் தண்ணீரில் தவளை இதயம்

12-11-56, திங்கள்
விடியற்காலையிலிருந்து மழை. இதயத் துடிப்பைக் கோடாக வரையும் கிமோகிராஃப் உருளைத் தாளுக்குப் புகை பூச வேண்டும். தாளெல்லாம் நமுத்துக் கிடக்கிறது, சனியன். வியாழன் பல்கலைக்கழக இன்ஸ்பெக்ஷன். நல்லபடியாக முடிந்தால் என் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை நிரந்தரம் என்று புரொபசர் வாக்கு. எத்தனையாவது வாக்கோ!

சதுரங்கப்பட்டினத்து ஏழுமலை கூடை நிறையத் தவளை கொண்டுவந்தார். மூன்று அறுத்தாயிற்று. ரிங்கர் உப்புக் கரைசலில் இதயம் கொஞ்ச நேரம் துடிக்கிறது, அப்புறம் படுத்துவிடுகிறது. அட்ரினலின் விட்டேன். ஊஹூம்.

புரொபசர்: "தவளை சொத்தைப்பா."

ஏழுமலைக்கு வந்ததே கோபம். "இன்னா சார் சொத்தை? காத்தால புட்சது. துள்ளிகினு கீது பாரு!"

மாலை தலைவலி. சாரிடான்.

13, செவ்வாய்
மழை விடவில்லை. குடை காணோம். காய்ச்சி வடித்த நீரும் தீர்ந்தது. தொலையட்டும் என்று கல்லூரிக் கிணற்றுத் தண்ணீரிலேயே ரிங்கர் கலக்கி ஊற்றினேன். படுத்த இதயம் எழுந்து குதிக்கிறது!

ஓடிப்போய்க் கால்சியம் குளோரைடு பாட்டிலைத் திறந்தேன். மழைக்காற்றின் ஈரத்தைக் குடித்துக் கூழாகிக் கிடந்தது. இத்தனை நாள் நிறுத்துப் போட்டதில் முக்கால்வாசி வெறும் தண்ணீர். கால்சியம் போதாமல் தசை எங்கே சுருங்கும்? எங்கள் கிணற்றிலோ அது ஏராளம், பானை அடியெல்லாம் வெள்ளைப் படிவு. மடையன் நான்.

புரொபசரிடம் சொன்னேன். "கிணத்துத் தண்ணியா? வெளில தெரிஞ்சா மானம் போயிடும்! கண்ணுல படாம வை."

தவளைக்கு இருக்கிற புத்தி கூட இவருக்கு இல்லை.

15, வியாழன்
வந்தார்கள், இரண்டு பேர். என் கரைசலில் இதயம் ஜோராகத் துடித்தது. உருளையில் கோடு அழகு. அசிட்டைல்கோலின் விட்டேன்: மெதுவாயிற்று. பொட்டாசியம்: நின்றது. கழுவினால் திரும்பத் துடிக்க வேண்டும்.

புரொபசர் என்னைத் தள்ளிவிட்டு, லேபிள் ஒட்டிய பழைய பாட்டிலை எடுத்து ஊற்றினார். துடிக்கவில்லை. மறுபடி ஊற்றினார். இல்லை. வேலை போச்சு என்றே நினைத்தேன். மேசைக்கடியில் ஒளித்திருந்த என் கரைசல் கூஜாவை எடுத்து நானே ஊற்றினேன்.

துடித்தது. "பேஷ்!" என்றார் வந்தவர்களில் பெரியவர். "யாரு இவர்?"

புரொபசர் கூஜாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தண்ணி கொண்டு வர்ற ஆள் சார். டெமான்ஸ்ட்ரேட்டர் வேலைக்கு இனிமேதான் போடணும். எங்க அக்கா பையன் ஒருத்தன் இருக்கான்."

பெரியவர் தமக்கு வைத்த டிபனிலிருந்து ஒரு வடையை இலையில் வைத்து நீட்டினார். "சாப்பிடுப்பா."

வாங்கித் தின்றேன். எம்.எஸ்ஸி. படித்தவன், அங்கேயே நின்று தின்றேன்.