கற்களை இடம் மாற்றிய சனிக்கிழமை

இன்று காலை வீட்டுக்காரர் என் அறை ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போடுவித்தார். வேலையாள் கண்ணாடி பதிக்கும் புட்டிப் பசையை உள்ளங்கையில் வைத்துப் பிசைந்தபோது எழுந்த ஆளிவிதை எண்ணெய் மணம், நீங்கள் சீனன்குடா விடுதி அறையில் மீன்தொட்டி செய்த நாட்களைக் கொண்டுவந்துவிட்டது. ஒழுங்கு இல்லாமல் எனக்கு எழுத வராது என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே சொல்லவிருப்பதை முதலில் எண்ணிட்டு வைக்கிறேன்.

1. சண்டைக்கார மீனுக்கும் துணை உண்டு.
2. பருமன் ஒத்திருப்பது மட்டும் போதாது.
3. புதியதை இறக்குமுன் தொட்டியின் கற்களை இடம் மாற்ற வேண்டும் என்ற என் விதி, எல்லாத் தொட்டிக்கும் பொருந்தாது.
4. கெளுத்தி செத்தது என் கையால்.
5. ஆசுபத்திரியிலிருந்து நீங்கள் அறைக்குத் திரும்பாமல் தங்கச்சி வீட்டுக்குப் போனதே உங்களுக்கு நல்லது.

எண்ணெய் சேமிக்கும் குதங்களின் அலுவலகத்தில் உங்களோடு அறையைப் பகிர ஒருவரும் முன்வரவில்லை. மூன்று பேர் வந்து மூன்று பேரும் ஓடியிருந்தார்கள். மறுத்துப் பேசத் தெரியாதவன் என்பதால் என்னை அனுப்பினார்கள். முதல் நாள் என் பெட்டியைப் பார்த்துவிட்டு, "ஓய், அந்த மூலை உமக்கு. இந்த மூலை எனக்கு. நடுவிலை மீன்," என்றீர்கள்.

அந்த மீன், ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் விட்டுப்போன ஒஸ்கார். கை அகலம், கறுப்பு உடம்பில் செம்மஞ்சள் திட்டு. நீங்கள் கோண இரும்பில் சட்டம் அடித்து, புட்டி வைத்துக் கண்ணாடி பொருத்தி அதற்கு வீடு கட்டினீர்கள். துணைக்கு விட்ட இரண்டு தங்கமீன்களும் பின்னேரத்துக்குள் இல்லை. நான் கொப்பி ஒன்றை எடுத்து விதிகள் எழுதத் தொடங்கினேன். ஒத்த பருமன் வேண்டும் என்று எழுதி, ஒத்த பருமனில் ஒரு கெண்டையை வாங்கிவந்தேன். இரண்டும் மூன்று நாள் வாயைக் கவ்விக்கொண்டு நின்றன. நாலாம் நாள் கெண்டை மிதந்தது.

"கலியாணப் பொருத்தம் பாக்கிறீரோ, கொப்பியும் கையுமா?" என்று சிரித்தீர்கள். "கொப்பியைப் பாராதையும், மீனைப் பாரும்."

அடுத்த கிழமை உங்கள் தங்கச்சியின் ஊரான கட்டைபறிச்சானுக்குப் போய், வயல் வாய்க்காலில் பிடித்த கெளுத்தி ஒன்றை விசுக்கோத்துத் தகரத்தில் வைத்து லோஞ்சுப் படகில் கொண்டுவந்தீர்கள். என் விதிப்படி அது சிறிது, ஏலாது என்றேன். நீங்கள் கேட்கவில்லை. ஒஸ்கார் ஒருமுறை கவ்வியது. முள் குத்தவே துப்பியது. கெளுத்தி பின்மூலையில் கிடந்த சுட்ட மண்குழாய்த் துண்டுக்குள் புகுந்துகொண்டது. பகல் முழுக்க அங்கேயே கிடக்கும். ஒஸ்கார் அடங்கிய பிறகே வெளியே வந்து அடியில் மேயும்.

"பாத்தீரோ? ஒருத்தன் முழிச்சிருக்கேக்க மற்றவன் நித்திரை. ஒருத்தன் மேலை, மற்றவன் கீழை. வேறை என்ன பொருத்தம் வேணும்?"

மூன்று வருடம் அவை அப்படி இருந்தன. நாமும் இருந்தோம். அலுவலகத்தில் நீங்கள் யாரோடெல்லாம் சத்தம் போட்டீர்கள் என்பதற்குக் கணக்கில்லை. என்னோடு ஒருநாளும் போட்டதில்லை. இருந்தாலும் போடுவீர்கள் என்ற பயம் எனக்கு ஒருநாளும் போனதில்லை.

நெஞ்சு நோயோடு கொழும்பு ஆசுபத்திரிக்குப் புறப்பட்ட காலை, "ரெண்டு பேரையும் பாத்துக்கொள்ளும். ஒண்டும் மாத்த வேண்டாம்," என்றீர்கள். ஓம் என்றேன். நீங்கள் திரும்பும்போது தொட்டியில் மூன்றாவதாக ஒன்று நின்றால் மகிழ்வீர்கள் என்று எண்ணியது என் புத்தி. டவுனில் ஒரு மீன் வாங்கினேன். புதியதை இறக்குமுன் கற்களை இடம் மாற்றினால் பழைய மீன் தன் எல்லையை மறந்துவிடும் என்று கொப்பியில் இருந்தது. ஒரு சனிக்கிழமை காலை எல்லாக் கற்களையும் மாற்றினேன். மண்குழாயைப் பின்மூலையிலிருந்து முன்பக்கம் வைத்தேன்.

புதிய மீனை ஒஸ்கார் தொடவே இல்லை. பழைய மூலையில் குழாயைத் தேடிக் கண்ணாடியை முட்டிக்கொண்டு நின்ற கெளுத்தியைத்தான் துரத்தியது. பின்னேரம் கெளுத்தி செத்துக் கிடந்தது. அதன் முள் ஒஸ்காரின் தொண்டையில் ஏறியிருக்க வேண்டும். ஒஸ்கார் நாலு நாள் இரை எடுக்காமல் சரிந்து கிடந்து போய்ச் சேர்ந்தது. புதிய மீனைக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். எல்லை மறக்கும் என்று எழுதிய நான், மூன்று வருடமாகச் செய்துகொண்ட சமாதானமும் அதோடு மறந்துபோகும் என்று எண்ணவில்லை.

உங்களுக்கு எழுதினேன்: "இரண்டும் சுகம்."

அடுத்து உங்கள் கடிதம் வந்தது. டொக்டர் விடுகிறார், அறையில் என்ரை கட்டில் கிடக்கோ, தங்கச்சியும் வரச் சொல்லுறாள், என்ன செய்வம் என்று கேட்டிருந்தீர்கள். வெறுந்தொட்டியின் முன்னால் இருந்து நாலு தரம் எழுதிக் கிழித்தேன். அனுப்பிய கடிதத்தில் எண்ணிட்ட மூன்று காரணங்கள் இருந்தன. படி ஏற வேண்டும். கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு. கஞ்சி வைத்துத்தர ஆள் இல்லை. மூன்றும் உண்மை. மூன்றும் காரணம் அல்ல.

நீங்கள் கட்டைபறிச்சானுக்குப் போனீர்கள். அது குடாவின் அக்கரை; பக்கத்து மூதூர்வரை லோஞ்ச் தினமும் ஓடியது. இரண்டு மாதம் நான் ஏறவில்லை. ஏறிய அன்று உங்களை முற்றத்தில் கிடத்தியிருந்தார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு உங்கள் தங்கச்சி எனக்குத் தேத்தண்ணி தந்துவிட்டுச் சொன்னார்: "மீன் செத்தது அண்ணனுக்குத் தெரியும். லீவுக் கடுதாசியோடை ஆசுபத்திரிக்குப் போன பியோன் சொல்லிப்போட்டான். 'அந்த மனுசன் பயந்து செத்திருக்கும், நான் கேட்டால் இன்னும் பயப்படும்' எண்டு சிரிச்சவர்."

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"பிறகு உங்கடை கடிதம் வந்தது. வாசிச்சிட்டு, 'நம்பர் போட்டு எழுதியிருக்கு. வரவேண்டாம் எண்டுதான்,' எண்டார். இஞ்சை வந்த பிறகும் லோஞ்ச் வாற நேரம் கதிரையை முத்தத்திலை போடச் சொல்லுவார். ரோட்டைப் பாத்துக்கொண்டு இருப்பார். போன கிழமைதான் வேண்டாம் எண்டவர்."

அந்த மண்குழாய்த் துண்டு என் மேசையில் இருக்கிறது. வீடு மாறிய ஒவ்வொரு முறையும் அதை உடுப்புகளுக்கு நடுவில் சுற்றி எடுத்துவந்தேன். அதற்குள் எதையும் வைப்பதில்லை. வேலையாள் ஜன்னலை முடித்துவிட்டு, "இது என்னத்துக்கு ஐயா, எறியட்டோ?" என்று கேட்டான். இருக்கட்டும் என்றேன்.

அலுவலகத்தில் பிழையாய் எழுதியதைச் சுரண்டி அழிக்க விடமாட்டார்கள். எழுதியது தெரியும்படி ஒற்றைக் கோடு கீறிப் பக்கத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். மேலே ஐந்தாவதாக எழுதியது பிழை. கோடு கீறியிருக்கிறேன். உங்கள் கட்டில் அறையில் அப்படியே கிடந்தது.