வராத விருந்தினரும் வந்த ராசம்மாவும்

11 ஜூன், வியாழன்

காலையிலிருந்து தூறல். குடைக்கம்பி உடைந்தபடியே. பல்வலி.

நாளை பி.ப. 4க்குக் கல்லூரியில் விருது விழா. கற்பித்தல், ஆராய்ச்சி இரண்டிலும் சிறந்த விரிவுரையாளருக்கு. இம்முறை கலாநிதி மங்களேஸ்வரி. கலஹாப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் மண்ணரிப்பைப் பல வருடமாக ஆராய்பவர். மாணவர்களையும் வாராவாரம் அங்கே கூட்டிப்போவாராம்.

அதே நேரம் மாநகர சபைக் கூட்டம். தண்ணீர்ப் பிரச்சினை. இரண்டுக்கும் கண்டி நிருபர் நான் ஒருவன்.

12, வெள்ளி

மழை. பேப்பரின் மாகாணப் பக்கம் 4 மணிக்கு அச்சுக்கு முடிந்துவிடும். வழக்கம்போல் அழைப்பிதழைப் பார்த்து இறந்தகாலத்தில் எழுதி, 3.30க்குக் கொழும்பு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் வாசித்தேன். பிரதம விருந்தினர் விருதை வழங்கி உரையாற்றினார். மங்களேஸ்வரி நன்றி கூறினார். இத்தனை வருடத்தில் ஒருமுறையும் பிசகியதில்லை.

பிறகு சபைக்கு. முடிவொன்றும் இல்லை.

13, சனி

மூன்றாம் பக்கத்தில் வந்திருக்கிறது. எழுத்துப்பிழை இல்லை.

10 மணிக்கு மங்களேஸ்வரியின் அழைப்பு. கோபமில்லாத குரல். திட்டியிருக்கலாம்.

பிரதம விருந்தினர் வரவேயில்லை. கார் கடுகண்ணாவை ஏற்றத்தில் நின்றுவிட்டது. கல்லூரி அதிபர்தான் விருதைக் கொடுத்திருக்கிறார். மங்களேஸ்வரி அதை வாங்கி, கடைசி வரிசையில் இருந்த ராசம்மாவை மேடைக்கு அழைத்து, அவர் கையில் கொடுத்துவிட்டார். ராசம்மா கொழுந்து பறிப்பவர். ஆராய்ச்சிக்காகத் தினமும் மழைமானியைப் பார்த்துக் கொப்பியில் குறித்தவர். மாணவர்களுக்கு அதைக் காட்டிக்கொடுத்ததும் அவரே.

"படிப்பிச்சதுக்கும் ஆராய்ச்சிக்கும் சேர்த்துத்தானே விருது. ரெண்டிலயும் பாதி ராசம்மான்ர எண்டு சொன்னனான். நீங்கள் நிண்டிருந்தால் கேட்டிருப்பியள்."

பேப்பர் வாங்க ராசம்மா விடியவே கலஹா கடைக்கு நடந்தாராம்.

சாப்பாடு இறங்கவில்லை. பல் மட்டும் காரணமில்லை.

15, திங்கள்

துணை ஆசிரியரிடம் உள்ளதைச் சொன்னேன். விருந்தினர் வராதது பிழை, திருத்தம் போடலாம் என்றார். ராசம்மா?

"அது பிழையில்லையே அண்ணே, விடுபட்டதுதானே. விடுபட்டதுக்கெல்லாம் திருத்தம் போட்டா பேப்பர் பத்தாது."

வேறொரு நிருபருக்கு நானே இதைச் சொல்லியிருக்கிறேன்.

16, செவ்வாய்

திருத்தம் வந்தது. வராதவருக்கு நான்கு வரி.

பல் பிடுங்கியாயிற்று. வெயில்.

21, ஞாயிறு

கலஹா பஸ். நிற்கத்தான் இடம். பிறகு மண்பாதை, அட்டைக்கடி.

ராசம்மாவின் லயத்து வீட்டு வாசலில் நாலைந்து பெண்கள். கண்டி நிருபர், செய்தியை எழுதியது நான்தான் என்றேன். மன்னிப்பு என்று தொடங்குமுன் அவர் உள்ளே போய் மடித்த பேப்பரோடு வந்தார். அவருக்கு இலக்கம் மட்டும்தான் வாசிக்க வரும்.

"ரெண்டு தடவ படிக்கச் சொன்னேங்க. எம்பேரு இல்லைங்கிறாங்க."

"மேடைக்குக் கூப்புட்டு விருதக் கையில குடுத்தாங்களாம்ல," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "இனிமே நம்மகூட மலைக்கு வருவாளோ என்னமோ." சிரிப்பு. ஒரு வாரமாக இந்தக் கேலிதான் நடக்கிறதாம்.

ராசம்மா சிரிக்கவில்லை.

"ஐயாதானே எழுதுனீங்க. அப்ப அங்கதான் இருந்திருப்பீங்க. நான் மேல ஏறுனத பாத்தீங்கல்ல? இவுங்ககிட்ட சொல்லுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பார்த்தேன் என்றேன்.