பன்னிரண்டு சோடி எருமை

இரணைமடுக் குடியேற்றம்,
கிளிநொச்சி.
ஐப்பசி 4, 1961

அன்புள்ள தம்பி தவராசாவுக்கு அக்கா கமலாசனி எழுதுவது. அந்த மொஸ்கோக் குளிருக்குள் நீ சுகமாயிருக்க வேண்டும். நாங்களும் சுகமென்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

உன் கடிதம் கிடைத்தது. மனிதனை வானத்துக்கு அனுப்பி உலகத்தைச் சுற்றவைத்த நாடு அது, நாற்பது வருடத்துக்கு முன் அங்கேயும் வெறுங்காலோடு ஏர் பிடித்த கமக்காரர்தான், இயந்திரம்தான் அவர்களை வல்லரசாக்கியது என்று மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். பெற்ற ஐயா எப்படியிருக்கிறார் என்று கேட்க மட்டும் இடமில்லாமல் போய்விட்டது.

வைகாசியிலும் நீ இதைத்தான் எழுதினாய். அந்த நாட்டு உழவு மிசின் எங்கள் கமக்காரர் சங்கத்துக்கு வரப்போகிறது என்று ஐயா அறிவித்ததும், இனி எருமை எதற்கு, எல்லோரையும் விற்கச் சொல்லுங்கள் என்று பதில் போட்டாய். ஐயா அதைச் சங்கக் கூட்டத்தில் வாசித்தார். "என்ர பெடியன் கண்ணால பாத்து எழுதுறான்" என்றார். எங்கள் வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சும் பன்னிரண்டு வீட்டாரும் தங்கள் எருமைச் சோடியை விற்றார்கள். முதலில் விற்றவர் ஐயா.

மிசின் நாலு நாள் உழுதது. பிறகு உள்ளே சுழலும் இரும்புப் பல்லுச் சில்லொன்று உடைந்துவிட்டது. கழற்றிப் பார்க்கத் தெரிந்தவர் இங்கில்லை. கூட வந்த புத்தகம் உன் மொஸ்கோப் பாஷையில் இருக்கிறது. மிசினுக்கு மாலை போட்டுப் படம் பிடித்த பெரியவர்கள் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மழை தொடங்கப்போகிறது. விதைப்புத் தவறினால் பன்னிரண்டு வீட்டிலும் எதை உலையில் போடுவது, நீயே சொல்லு.

ஒருவரும் ஐயாவை ஏசவில்லை. ஏசியிருந்தால் அவருக்கு ஆறியிருக்கும். எங்களோடு எருமையை விற்ற பக்கத்து வயல் மயில்வாகனம் அண்ணை கூட, "நீங்கள் என்ன செய்வியள், விடுங்கோ" என்றுதான் சொன்னார். அன்றிலிருந்து ஐயா விடிய மண்வெட்டியோடு போய் மற்றவர்களின் வயலைக் கொத்திக் கொடுக்கிறார். எங்கள் வயல் அப்படியே கிடக்கிறது. அறுபத்துநாலு வயதில் உள்ளங்கை கிழிந்து, சோறு குழைக்க முடியாமல் கரண்டியால் சாப்பிடுகிறார்.

சில்லில் இருந்த எழுத்துகளைக் கோலம் போடுவதுபோல் பார்த்துக் கீறி இதோடு வைத்திருக்கிறேன். அதைக் காட்டி அங்கே புதுச் சில்லொன்று வாங்கி அனுப்பு. இந்த விதைப்புப் போகத்துக்கு அது வந்துசேராது என்று எனக்குத் தெரியும். ஆனால் கடிதம் வரும். எருமையை விற்கச் சொன்னது என் பிழை, ஐயாவின் பிழையல்ல என்று உன் கையால் எழுது. வீடு வீடாக நானே கொண்டுபோய்க் காட்டுகிறேன்.

இதைக் கேட்கச் சொன்னது ஐயா அல்ல. அவர் இன்னமும், தம்பி எழுதினது சரிதான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பிள்ளையார் உனக்குத் துணை நிற்கட்டும். உடனே எழுது.

உன் அக்கா,
கமலாசனி